பிள்ளைக்கு வரும் சர்வைவர் பணத்தை எதற்கெல்லாம் செலவழிக்கலாம்? அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு

அமெரிக்காவில் வேலை பார்த்து சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டிய அப்பாவோ அம்மாவோ இறந்துபோனால், 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மாதாமாதம் ஒரு தொகை வரும். சர்வைவர் பெனிஃபிட் என்பார்கள். 1935-இல் சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தபோது இது கிடையாது. 1939-இல் செய்த திருத்தம்தான் இறந்தவரின் மனைவி மக்களையும் சேர்த்துக்கொண்டது. இது தர்மம் அல்ல, ஏழைகளுக்கு மட்டுமான உதவியும் அல்ல. இறந்தவர் ஒவ்வொரு சம்பளத்திலும் 6.2 சதவீதம் கட்டி ஈட்டி வைத்துவிட்டுப் போனது. "உங்களுக்குத்தான் நல்ல வேலை இருக்கிறதே" என்று சொல்லி யாரும் பிள்ளைக்கு மறுக்க முடியாது.

பணம் வரத் தொடங்கியதும் வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். "பிள்ளையோட பணம் அக்கா, தொடவே மனசு வரல, அப்படியே பேங்க்ல கெடக்கு" என்பது ஒன்று. "என் பேர்லதானே வருது, வீட்டுக் கணக்குல போட்டா என்ன" என்பது இன்னொன்று. இரண்டாவது சட்டப்படி தப்பு. முதலாவது தப்பில்லை, ஆனால் அவசியமும் இல்லை. இந்தப் பணம் வருவதே பிள்ளையின் இன்றைய சோற்றுக்கும் கூரைக்கும்தான். வாடகைக்குத் திண்டாடிக்கொண்டு இதைப் பூட்டி வைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

முதலில் பணம் கிடைக்க வழி பார்ப்போம்.

தகுதி இருக்கிறதா?

"அவர் வந்தே ரெண்டு மூணு வருஷம்தான் ஆச்சு, பத்து வருஷம் வேலை செஞ்சாத்தானே கிடைக்கும்" என்று பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். 40 கிரெடிட், அதாவது பத்து வருட வேலை என்பது ஓய்வூதியத்துக்கான கணக்கு. இறந்தவரின் சிறு பிள்ளைகளுக்கும் அவர்களை வளர்க்கும் துணைக்கும் விதி இளகியது. இறப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் 6 கிரெடிட், அதாவது ஒன்றரை ஆண்டு வேலை இருந்தாலே போதும். 2025 கணக்கில் 1,810 டாலர் சம்பாதித்தால் ஒரு கிரெடிட். ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு. எச்-1பியில் வந்து சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் ஆகியிருந்தால் அந்த மாதங்கள் எல்லாம் கணக்கில் வரும். படிக்க வந்து எஃப்-1 விசாவில் ஓபிடியில், அதாவது படிப்போடு ஒட்டிய வேலை அனுமதியில், வேலை பார்த்த காலத்தில் பெரும்பாலும் இந்த வரி பிடிக்கமாட்டார்கள், அதனால் அந்தக் காலம் சேராது. பழைய டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தில் நான்காவது கட்டத்தைப் பாருங்கள். அங்கே தொகை இருந்தால் வரி கட்டியிருக்கிறார்.

இந்தியாவில் கட்டிய பிஎஃப் இதற்கு உதவாது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இந்த விஷயத்தில் ஒப்பந்தம் இல்லை. இலங்கைக்கும் இல்லை. கனடாவோடு உண்டு. டொராண்டோவிலிருந்து வேலை மாறி வந்தவர் என்றால் அங்கே கட்டியதையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை திருமணமாகாதவராக, 18 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். பள்ளியில் முழு நேரம் படித்துக்கொண்டிருந்தால் 19 வரை நீளும். 22 வயதுக்கு முன்பே வந்த ஊனம் இருந்தால் அதற்குப் பிறகும் தொடரலாம். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம் இல்லை. ஆனால் குடியுரிமை இல்லாத பிள்ளை இங்கே சட்டப்படி தங்கியிருந்தால்தான் பணம் தருவார்கள். துணையின் விசாவில் இருந்தவர்களுக்கு இந்த இடத்தில் இடறும். ஆகவே குடிவரவு வழக்கறிஞரைப் பார்ப்பதையும் இதையும் ஒரே வாரத்தில் செய்துவிடுங்கள், ஒன்றை முடித்துவிட்டு மற்றது என்று வைக்காதீர்கள்.

விண்ணப்பிக்கும்போது

இறந்த செய்தியை இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனமே வழக்கமாகத் தெரிவித்துவிடும். விண்ணப்பத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இணையத்தில் முடியாது. 1-800-772-1213 என்ற எண்ணில் கூப்பிட்டு நேரம் வாங்குங்கள், அல்லது உள்ளூர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். மொழிபெயர்ப்பாளர் இலவசம், தமிழ் வேண்டும் என்று கேட்கலாம். ஊரிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தா விண்ணப்பிக்கிறார்கள் என்றால் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

நாள் கடத்தாதீர்கள். தாமதமாக விண்ணப்பித்தால் பின்னோக்கி ஆறு மாதம் வரைதான் தருவார்கள். அதற்கு முந்தையது போனது போனதுதான். 255 டாலர் ஒருமுறைத் தொகை ஒன்றும் உண்டு. அதைக் கேட்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அது சின்னத் தொகை, அதை நினைத்து அலைய வேண்டாம், விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்டுவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், எல்லோருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்கள், இறந்தவரின் கடைசி டபிள்யூ-2. நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். பிள்ளைக்குக் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். அப்பாவின் கடைசிப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். திருமணச் சான்றிதழில் வெறும் இனிஷியல். மூன்று பேருக்கும் மூன்று கடைசிப் பெயர் இருந்தால், இது ஒரே குடும்பம் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவர் பெயரும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று முன்கூட்டியே பாருங்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் இடம் மாறியிருந்தால் பாஸ்போர்ட் நகல், பள்ளிச் சான்று எல்லாம் கூடவே கொண்டுபோங்கள். இனிஷியல் என்றால் என்ன என்று பொறுமையாகச் சொல்லுங்கள். சொல்லி அலுத்துப்போகும், ஆனாலும் சொல்லுங்கள்.

எவ்வளவு வரும்?

இறந்தவருக்கு முழு ஓய்வூதியமாகக் கணக்கிடப்படும் தொகையில் 75 சதவீதம் ஒவ்வொரு பிள்ளைக்கும். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வளர்க்கும் துணைக்கும் அதே 75 சதவீதம். ஆனால் குடும்பம் மொத்தத்துக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். அந்த முழு ஓய்வூதியத் தொகை 3,000 டாலர் என்று வையுங்கள். தலைக்கு 2,250. அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 6,750 வர வேண்டும். உச்சவரம்பு ஏறத்தாழ 5,250-இல் நிறுத்திவிடும். ஆக தலைக்கு 1,750. அம்மா வேலைக்குப் போய் நல்ல சம்பளம் வாங்குகிறார், 2025-இல் 23,400 டாலருக்கு மேல் என்றால், அவருடைய பங்கு வரம்புக்கு மேல் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலர் வீதம் குறையும். ஐடி சம்பளம் என்றால் சுத்தமாக நின்றுவிடும். பிள்ளைகள் பணத்தை அம்மாவின் சம்பளம் தொடாது. அம்மா அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு 2,250 முழுதாக வரும், ஏனென்றால் 4,500 உச்சவரம்புக்குள் அடங்கிவிடுகிறது. "வேலைக்குப் போனா எல்லாம் போயிடும்" என்று கேள்விப்பட்டு வேலையை விடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அம்மாவோ அப்பாவோ மறுமணம் செய்துகொண்டால் அவருடைய பங்கு நிற்கும். பிள்ளையின் பங்கு நிற்காது. ஊரில் உறவுக்காரர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பேயீ என்ற பொறுப்பு

சிறு பிள்ளையின் கையில் பணம் தரமாட்டார்கள். பிள்ளை சார்பாக வாங்கிச் செலவு செய்பவரை ரெப்ரசென்டேட்டிவ் பேயீ என்கிறார்கள், பேச்சில் பேயீ. கூட வாழும் அம்மாவோ அப்பாவோதான் பெரும்பாலும் நியமிக்கப்படுவார். அதற்கு எஸ்எஸ்ஏ-11 என்ற தனி விண்ணப்பம். நீதிமன்றக் கார்டியன் உத்தரவோ பவர் ஆஃப் அட்டர்னியோ கையில் இருந்தாலும் இதற்குப் பதிலாகச் செல்லாது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் தானே நியமித்தால்தான் பேயீ. இந்த வேலைக்காகப் பிள்ளையின் பணத்திலிருந்து நீங்கள் கூலி எடுத்துக்கொள்ளவும் முடியாது.

அடுத்த வேலை வங்கிக் கணக்கு. கணக்கின் தலைப்பு "பிள்ளையின் பெயர், பேயீ என்ற முறையில் உங்கள் பெயர்" என்கிற மாதிரி இருக்க வேண்டும். பணம் பிள்ளையுடையது, கையெழுத்துப் போடுபவர் நீங்கள் என்பது அந்தத் தலைப்பிலேயே தெரிய வேண்டும். பிள்ளையும் நீங்களும் சேர்ந்து போடும் சாதாரண ஜாயின்ட் அக்கவுண்ட் சரிப்படாது. வங்கிக் கிளையில் இருப்பவருக்கே சில சமயம் இது தெரியாது. "கஸ்டோடியல் அக்கவுண்ட் போட்டுடலாமே" என்பார். சோஷியல் செக்யூரிட்டி பேயீ கணக்கு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். உங்களுக்கும் பணம் வருகிறது, பிள்ளைகளுக்கும் வருகிறது, எல்லோரும் ஒரே வீடு என்றால் அன்றாடச் செலவுக்கு ஒரே செக்கிங் கணக்கை வைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. மிச்சம் பிடிப்பது மட்டும் பிள்ளைக்குப் பிள்ளை தனித்தனிச் சேமிப்புக் கணக்கில், அந்தந்தப் பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். அக்காவின் மிச்சத்தில் தம்பிக்குச் சைக்கிள் வாங்கக் கூடாது.

ஒவ்வொரு மாதத்துப் பணமும் அடுத்த மாதம் வரும். இறந்தவரின் பிறந்த தேதி 1 முதல் 10 வரை என்றால் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை, 11 முதல் 20 வரை என்றால் மூன்றாவது, அதற்குப் பிறகு என்றால் நான்காவது. வாடகைத் தேதிக்கு இதை நம்பி இருக்காதீர்கள்.

செலவு: வரிசை இதுதான்

முதலில் பிள்ளையின் இன்றைய தேவை. சாப்பாடு, வீடு, துணி, மருத்துவம், பல், கண்ணாடி, படிப்பு, கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் சினிமா. இவை போக மிஞ்சினால் சேமிப்பு.

வீட்டுச் செலவில் பிள்ளையின் பங்கு என்றால் என்ன? தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது எல்லோரும் ஏற்கும் முறை. அம்மா, 8 வயதுப் பெண், 12 வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அந்தச் சின்னவளின் ஒரு மாதக் கணக்கு இப்படி இருக்கலாம்:

- வாடகை 2,400, மூன்றில் ஒரு பங்கு: 800
- கரண்ட், கேஸ், இணையம் 240, அவள் பங்கு: 80
- மளிகை, காய்கறி, பால் 750, அவள் பங்கு: 250
- அவளுக்கான மருத்துவக் காப்பீட்டுச் சந்தா: 150
- பள்ளி முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் இடம்: 350
- துணி, பரதநாட்டிய வகுப்பு: 100

மொத்தம் 1,730. அவளுக்கு வருவது 1,750. அம்மாவுக்கு வருமானம் குறைவு என்றால் இந்தத் தொகை முழுவதையும் கணக்கிலிருந்து எடுத்து இதற்கெல்லாம் கட்டிவிடலாம். குற்ற உணர்வுக்கு இதில் இடமே இல்லை, இதற்காகத்தான் பணம் வருகிறது. வாடகைக்குப் பதில் வீட்டுக்கடன் தவணை என்றாலும் அவள் பங்கு அவள் பங்குதான்.

எதெல்லாம் கூடாது என்பதில் நம் வீடுகளுக்கே உரிய சில ஆசைகள் இருக்கின்றன. ஊரில் இருக்கும் மாமனார் மாமியாருக்குப் பணம் அனுப்புவது, இறந்தவரின் கிரெடிட் கார்டு பாக்கியை இதிலிருந்து அடைப்பது, நண்பர்களுக்குள் ஓடும் சீட்டில் போடுவது, கோயம்புத்தூரில் மனை வாங்குவது, உங்கள் கார் தவணை. இவை எதுவும் பிள்ளையின் இன்றைய தேவை அல்ல. "பொண்ணுக்குத்தானே நகை வாங்கறேன்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மிச்சப் பணத்தைப் பாதுகாக்க விதி முன்னால் வைப்பது அமெரிக்க சேவிங்ஸ் பாண்டும், காப்பீடு உள்ள வங்கியில் வட்டி தரும் கணக்கும்தான். லாக்கரில் கிடக்கும் ஆரம் அந்தப் பட்டியலில் இல்லை. நகையை உங்கள் சம்பளத்தில் வாங்குங்கள்.

இடைப்பட்ட விஷயங்களும் உண்டு. பெரிய செலவு எதுவாக இருந்தாலும், சோபா, கார், வீட்டுக்கு முன்பணம், ஊருக்கு விமான டிக்கெட் என்று எதுவானாலும், செய்வதற்கு முன் அலுவலகத்தைக் கேட்டு, யார் என்ன சொன்னார் என்று தேதியோடு எழுதி வையுங்கள். வீட்டுச் சாமான் எல்லோரும் பயன்படுத்துவதாக இருந்தாலும் பிள்ளைக்கும் அது தேவை என்றால் ஏற்கப்படலாம். கார் பிள்ளையின் பெயரில், பிள்ளைக்காகப் பயன்படுவதாக இருக்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்குக் கார் எதற்கு என்பது உங்களுக்கே தெரியும். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகும் பிள்ளையின் டிக்கெட்டை, மற்ற தேவைகள் தீர்ந்திருந்தால், நியாயப்படுத்தலாம் என்பது என் எண்ணம். உங்கள் டிக்கெட்டை அதில் சேர்க்காதீர்கள்.

நல்ல சம்பளம் இருப்பவர்களுக்கு ஒரு வரிக் கண்ணி

இந்தப் பகுதியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

பிள்ளையின் பணத்தைப் பிள்ளைக்கே செலவழித்தால், வருமான வரித்துறையின் பார்வையில் அது பிள்ளை தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டதாகக் கணக்கு. ஓர் ஆண்டில் தன் செலவில் பாதிக்கு மேல் தானே கொடுத்த பிள்ளையை நீங்கள் வரிப் படிவத்தில் சார்ந்திருப்பவராகக் காட்ட முடியாது. காட்ட முடியாவிட்டால் 2025-க்கு ஒரு பிள்ளைக்கு 2,200 டாலர் வரை கிடைக்கும் சைல்டு டாக்ஸ் கிரெடிட் என்ற வரிச் சலுகை போய்விடலாம். துணை இறந்த ஆண்டுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும் சலுகையான தாக்கல் நிலையும் ஆட்டம் காணும்.

மேலே சொன்ன சின்னவளின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,730-உம் அவள் பணத்திலிருந்தே போனால் அவளே முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டவள். மாதம் 865-க்குக் குறைவாக அவள் கணக்கிலிருந்தும், மீதி அம்மாவின் சம்பளத்திலிருந்தும் போனால் பிரச்சினை இல்லை. செலவழிக்காமல் சேமித்தது இந்தக் கணக்கில் சேராது. வரித்துறை வாடகையைக் கணக்கிடும் முறை கொஞ்சம் வேறு மாதிரி என்பதால் ஆண்டுக் கடைசியில் சிபிஏவிடம், அதாவது உங்கள் வரிக் கணக்காளரிடம், இந்த ஒரு கேள்வியை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

ஆகவே நல்ல வருமானம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: பிள்ளையின் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிள்ளை பணத்திலிருந்து எடுங்கள், மற்றதைப் பிள்ளையின் பெயரில் சேமியுங்கள். இதனால் உங்கள் சம்பளத்தில் மிச்சமாவதை உங்கள் பெயரில் உள்ள 529 கல்லூரிக் கணக்கில் போடுங்கள். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கல்லூரி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தில் மாணவர் பெயரில் இருக்கும் சேமிப்பில் 20 சதவீதத்தைச் செலவுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று கணக்கிடுவார்கள். பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான், உங்கள் பெயரில் உள்ள 529-உம் அதில்தான் வரும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பிள்ளைக்கு 18 ஆனால் அவர் பெயரில் சேர்ந்ததெல்லாம் அவர் கைக்குப் போய்விடும். அதை என்ன செய்வது என்று அதற்குமேல் நீங்கள் சொல்ல முடியாது. வருமானம் குறைவாக இருப்பவர்கள் இதை எல்லாம் யோசித்துத் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சோறும் வாடகையும் முதலில்.

பிள்ளைக்கு வரும் தொகை உங்கள் வருமானத்தில் சேராது. எஸ்எஸ்ஏ-1099 படிவம் பிள்ளையின் பெயரிலேயே வரும். பிள்ளையின் மற்ற வருமானமும் இந்தத் தொகையில் பாதியும் சேர்ந்து 25,000 டாலரைத் தாண்டினால்தான் வரிப் பேச்சே. சாதாரணமாகத் தாண்டாது.

சேமிப்பு

வட்டி தரும் வங்கிக் கணக்கு போதும். கூடுதலாக வேண்டுமென்றால் ஐ-பாண்டு என்ற அமெரிக்க அரசின் சேமிப்புப் பத்திரம். ஒருவர் பெயரில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வாங்கலாம். பங்குச் சந்தையில் போட்டு இரட்டிப்பாக்கலாம் என்ற ஆசை வரும். பிள்ளையின் பணத்தில் அந்தச் சோதனை வேண்டாம். இந்தச் சர்வைவர் தொகைக்குச் சொத்து வரம்பு கிடையாது, எவ்வளவு சேர்ந்தாலும் மாதப் பணம் நிற்காது. பிள்ளை மாற்றுத்திறனாளியாக இருந்து எஸ்எஸ்ஐ என்ற வேறொரு உதவியும் பெற்றால் மட்டும் நிலைமை வேறு. அங்கே 2,000 டாலர் வரம்பு உண்டு. அந்தக் குடும்பங்கள் சேமிக்கத் தொடங்கும் முன் அலுவலகத்தில் பேசியாக வேண்டும்.

கணக்குப் புத்தகம்

முன்பெல்லாம் ஒவ்வொரு பேயீயும் ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். 2018-இல் வந்த சட்டம், ஒரே வீட்டில் பிள்ளையோடு வாழும் பெற்ற அல்லது தத்தெடுத்த பெற்றோருக்கு அந்த அறிக்கையிலிருந்து விலக்கு கொடுத்தது. விலக்கு அறிக்கைக்குத்தான், கணக்கு வைப்பதற்கு இல்லை. அலுவலகம் எப்போது வேண்டுமானாலும் அதைக் கேட்கலாம். இரண்டு ஆண்டு வைத்திருங்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். பிள்ளைக்கு 18 ஆகும் வரை வைத்திருங்கள் என்று நான் சொல்வேன், ஏனென்றால் "எனக்கு வந்த பணம் எங்கே" என்று பிற்பாடு கேட்கப்போவது அலுவலகமாக இருக்காது, பிள்ளையாகவே இருக்கலாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் வாடகை ரசீதுகளும் போதும். மளிகைச் சீட்டு ஒவ்வொன்றையும் டப்பாவில் சேர்க்கத் தேவையில்லை.

பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக முடிவானால் திருப்பிக் கட்ட வேண்டும், பேயீ பொறுப்பும் போகும். தெரிந்தே செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது.

எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும்

வீடு மாறினால், பிள்ளை வேறு யாரிடமாவது வாழப்போனால், பிள்ளை தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால். கடைசியாகச் சொன்னது நம்மவர்களுக்கு முக்கியம். கோடை விடுமுறைக்குப் பிள்ளையை மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பினால் இரண்டு மாதம் சாதாரணமாக ஓடிவிடும். போகும் முன் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்றால், பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை உடையதாக இருந்தால் இந்தியாவில் இருந்தாலும் பணம் தொடரும். குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு நின்றுபோகலாம். விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் இங்கே ஐந்து ஆண்டு வாழ்ந்தாரா என்பதும் பார்க்கப்படும். பெட்டி கட்டும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு அவ்வப்போது தபாலில் ஒரு கேள்வித்தாள் வரும். பதில் அனுப்பாவிட்டால் பணம் நிற்கும், ஆகவே விலாசத்தைச் சரியாகக் கொடுங்கள். திருச்சியில் 1,750 டாலருக்குப் பிள்ளையின் மாதச் செலவு ஆகாது. அப்போது மிச்சம் பெரிதாக இருக்கும், அதுவும் பிள்ளையின் பெயரில்தான் சேர வேண்டும். வீட்டு மாடி கட்ட அல்ல.

16, 18, 19

கடைக்குட்டிக்கு 16 ஆனதும் வளர்ப்பவருக்கு வரும் பங்கு நிற்கும். பிள்ளையின் பங்கு ஓடும். 18-வது பிறந்தநாளுக்குச் சில மாதம் முன்பு ஒரு கடிதம் வரும். பள்ளிப் படிப்பு முடியவில்லை என்றால் எஸ்எஸ்ஏ-1372 படிவத்தைப் பிள்ளை நிரப்பி, பள்ளி அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பள்ளி முடியும் வரை, அல்லது 19 வயது ஆகி இரண்டு மாதம் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை பணம் வரும். கல்லூரி இதில் சேராது. ஜூலை, ஆகஸ்டில் பிறந்தவர்கள் பள்ளி முடித்தபின்தான் 18 ஆவார்கள், அவர்களுக்கு இந்த நீட்டிப்பு கிடையாது. பிப்ரவரியில் பிறந்தவருக்கு நான்கைந்து மாதப் பணம் இந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. பள்ளி அலுவலகம் விடுமுறைக்கு மூடும் முன் போய்விடுங்கள்.

18-க்குப் பிறகு பணம் பிள்ளையின் சொந்தக் கணக்குக்கே வரும். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் மிச்சத்தையும் வட்டியையும் ஒப்படைக்க வேண்டும். அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பி அவர்கள் பிள்ளைக்குக் கொடுப்பதா, நேரடியாகப் பிள்ளையின் கணக்கில் போடுவதா என்பதை அலுவலகத்தையே கேட்டுச் செய்யுங்கள். போட்ட நாளின் வங்கி ஸ்டேட்மென்டை அந்தக் கணக்குப் புத்தகத்தோடு வைத்து, ஒரு நகலைப் பிள்ளையிடமும் கொடுத்துவிடுங்கள்.